ஊசி போட்ட கை

ஈப்போ
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தினேஸ்வரி எழுதுவது. நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் நலமாக இல்லை. உங்கள் நலமறிய மட்டும் ஆவலாகத்தான் இருக்கிறேன். நான் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் எழுத உங்களுக்குத் தெம்பு வேண்டும் அல்லவா?

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கூப்பிட்டால், "லைன் இல்லம்மா, செம்பனைக்குள்ள நிக்கிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். போன தடவை பின்னால் டிவி ஓடுவது எனக்கு நன்றாகக் கேட்டது. செம்பனைத் தோட்டத்துக்குள் டிவி மாட்டியிருக்கிறீர்களா? மேலும், போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். கத்தினால் நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள், "அவ கோவத்துல இருக்கா" என்று சொல்லி.

ஷர்மினியைப் பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். இடது பாதத்தை அவளால் மேலே தூக்க முடியவில்லை. நடக்கும்போது விரல்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு போகின்றன. வாய்க்காலில் விழுந்தாள், சுளுக்கு என்று நீங்கள் சொன்னதை நம்பி இத்தனை நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: "இந்தப் பிள்ளைக்கு யாராவது பின்பக்கத்தில் ஊசி போட்டார்களா?"

இல்லவே இல்லை என்று சொன்னேன். நானே கிளினிக்கில் தினமும் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற மிஸ்ஸி. எனக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு யார் போடுவார்கள் என்று கொஞ்சம் திமிராகவே சொன்னேன். ஷர்மினி டாக்டர் முன்னால் தன் இடது பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "ஊசி" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அண்ணியைக் கூப்பிட்டேன். "ஆமா தினா, காய்ச்சல் கூடிப்போச்சுன்னு டிரஸர் அப்பாவு..." என்று அவர் ஆரம்பித்ததும் நீங்கள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டீர்கள்.

கோர்ஸுக்காக நான் கோலாலம்பூர் போனபோது, என் வீட்டுக்காரர் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் ஷிப்டில் கிடந்தபோது, நம்பிப் பிள்ளையை விட்ட இடம் உங்கள் வீடு. தாய்மாமன் வீடு. தினமும் சாயங்காலம் போன் பண்ணினேன். ஒரு நாளாவது காய்ச்சல் என்று சொன்னீர்களா?

எஸ்டேட் ஆஸ்பத்திரியை இழுத்து மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அங்கே டிரஸராக மருந்து கட்டிக்கொண்டிருந்த அப்பாவு இன்னும் அந்த மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கிறாரா? என்ன மருந்து போட்டார்? எந்த ஊசி? பிள்ளையை யார் பிடித்திருந்தது? போட்டவுடன் கால் உதறிக்கொண்டு கத்தினாளா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தினேஸ்வரி


ஆயர் தாவார்
24 மார்ச் 2025

அன்பும் பாசமும் நிறைந்த தங்கச்சி தினாவுக்கு,

அண்ணன் கார்த்திகேசு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் மாடு கன்றுகளும் காளியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளை பவித்ரனும் என் குட்டி மருமகளும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தினமும் மழை. பற்றாக்குறைக்குப் புது மெனேஜர் வேறு. மாடு போய் இளஞ்செம்பனையைத் தின்றுவிட்டது என்று வாசலில் வந்து நின்று ஒரே கூப்பாடு. நம்ம சீனி கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு பெண் கன்று. ஷர்மினி பார்த்தால் விடமாட்டாள். உன் அண்ணிக்கு முட்டி வலி குறையவில்லை.

நீ கேட்ட விஷயம். காய்ச்சல் சாதாரணமாக இல்லை தினா. பிள்ளை உடம்பு அனலாகக் கொதித்தது. உன்னிடம் சொன்னால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பனடோல் கொடு, தண்ணீர் கொடு, ஈரத்துணியால் துடை. உங்கள் கிளினிக்கில் ஊசி கேட்டால் விரட்டாத குறைதான். நம் ஆட்களுக்கு ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும், அது நம் உடம்புவாகு. ஊசி போட்டது, விடிவதற்குள் காய்ச்சல் விட்டது. காய்ச்சலை ஊசி இறக்கியதை யாரும் பேசவில்லை பார்.

கால் விஷயம் வாய்க்காலில் வழுக்கியதால்தான் இருக்கும். வேப்பெண்ணெயைச் சூடு பண்ணி இடுப்பிலிருந்து பாதம் வரை நீவிவிடு. சரியாகிவிடும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்
கார்த்திகேசு


ஈப்போ
29 மார்ச் 2025

அண்ணனுக்கு,

கன்றுக்குட்டியின் நெற்றிப் பொட்டு வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று இந்தக் கடிதத்திலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

குத்துப்பட்ட நரம்பை வேப்பெண்ணெய் தேற்றுமா? இடுப்பிலிருந்து காலுக்கு ஒரு பெரிய நரம்பு இறங்குகிறது. பின்பக்கத்துச் சதைக்கு அடியில்தான் போகிறது. பெரியவர்களுக்கு அங்கே சதை கனமாக இருக்கும். ஷர்மினி வயசுப் பிள்ளைக்கு என்ன சதை இருக்கிறது? இடம் கொஞ்சம் பிசகினாலும் ஊசி முனை நரம்பில் போய் நிற்கும். மருந்தும் அதற்குள்ளேயே இறங்கும். என் பிள்ளைக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். வாய்க்காலில் விழுந்தால் பாதம் இப்படித் தொங்காது.

உங்களுக்குச் சொல்கிறேன், அப்பாவுவுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் ஒரு பிள்ளைக்கு ஊசி போடுவதென்றால், அந்தப் பிள்ளையை அதன் அம்மா மடியிலேயே உட்காரவைப்பேன். பிள்ளையின் ஒரு கை அம்மாவின் முதுகுப் பக்கம் போய்விடும், மறு கையை அம்மா பிடித்துக்கொள்வார். கால் இரண்டும் அம்மாவின் தொடைகளுக்கு நடுவில். பிள்ளைக்கு அது கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும், எனக்கு அசையாமல் இருக்கும். துணியை முழுசாக விலக்கிவிட்டு, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கம் பார்த்துப் போடுவேன். அங்கே பெரிய நரம்பு கிடையாது. பின்பக்கத்தில் போடவே மாட்டேன். எந்தத் தாய் அழுது கேட்டாலும் காய்ச்சலுக்கு ஊசி போடமாட்டேன், ஏனென்றால் வாயால் விழுங்கக்கூடிய பிள்ளைக்கு ஊசி தேவையில்லை. நீங்கள் சொல்லும் "விரட்டாத குறை" இதுதான். என் கிளினிக்குக்கு வருகிற ஊரார் பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. என் பிள்ளை இழுத்து இழுத்து நடக்கிறது.

உடம்புவாகாம். எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார், நம் ஆட்களின் உடம்புக்கு ஊசிதான் வேண்டும் என்று?

நான் புகார் கொடுக்கப்போகிறேன். சுகாதார இலாகாவிலும் கொடுப்பேன், போலீஸிலும் கொடுப்பேன். அப்பாவு இன்னொரு பிள்ளையைத் தொடக் கூடாது. அங்கே இருந்து பார்த்தவர் நீங்கள், சாட்சி சொல்ல நீங்கள் வர வேண்டும்.

தினேஸ்வரி


ஆயர் தாவார்
27 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். நலமறிய ஆவல். மழை விட்டு வெயில் மண்டையைப் பிளக்கிறது.

லோரிக்காரத் தம்பி கையில் தேங்காயும் மரவள்ளியும் கொடுத்தனுப்பினேன், வந்து சேர்ந்ததா? ஷர்மினிக்கு மரவள்ளியை அவித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடு. இங்கே இருந்தபோது அப்படித்தான் கேட்டு வாங்கித் தின்பாள்.

போலீஸ் வேண்டாம் தினா. அப்பாவுவுக்கு வயசு என்ன என்று உனக்கே தெரியும். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டது. லயத்தில் ஒண்டியாகக் கிடக்கிறார். பக்கத்து வீட்டு ஆட்கள் சோறு கொடுத்தால் உண்டு. டவுன் கிளினிக்குக்கு ஓட்டிக்கொண்டு போக கெரேட்டா இல்லாதவர்களுக்கு இங்கே அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அது எனக்குத் தெரியும். காலக்கிரகம், நடந்துவிட்டது. குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம். வெளியாட்கள் சிரிக்க இடம் கொடுக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன். மாட்டை விட்டு வர முடியவில்லை.

உன் அண்ணன்
கார்த்திகேசு


ஈப்போ
11 மே 2025

அண்ணனுக்கு,

மரவள்ளி வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

குடும்பத்துக்குள் பேசி முடிப்பதா? பேசுவதற்கு ஒரு ஆள் வர வேண்டாமா? இரண்டு மாதமாகப் பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறாள். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் லீவு கேட்டுக் கேட்டு முகம் கெட்டுப்போனார். தாய்மாமன் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. மாட்டை விட்டு வர முடியவில்லையாம். மாடு உங்களைக் கட்டிவைத்திருக்கிறதா, நீங்கள் அதைக் கட்டிவைத்திருக்கிறீர்களா?

அவளுக்குப் பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் கட்டை மாட்டியிருக்கிறார்கள். முட்டிக்குக் கீழே வரை வரும். சப்பாத்து அதற்கு மேல் நுழையாததால் இடது காலுக்கு மட்டும் ஒரு அளவு பெரிசாக வாங்க வேண்டும். காலையில் அதைக் கட்டும்போதெல்லாம், "அம்மா, இன்னிக்கு வேணாம்லா" என்று கெஞ்சுகிறாள். அந்த 'லா'வை உங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டு வந்தாள். பாதத்தில் எரிச்சல் வந்தால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, கட்டையைப் பிடித்து அடிக்கிறாள். நரம்பு தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்கள். தேறுவதென்றாலும் மாதக்கணக்கு.

புகார் கொடுத்துவிட்டேன். உங்கள் பக்கத்துப் போலீஸ் பாலாயிலிருந்து ஆள் போய் அப்பாவுவை விசாரித்தார்கள். "நான்தான் ஐயா போட்டேன்" என்று உடனே ஒப்புக்கொண்டாராம். மறைக்கவில்லை, வாய்க்காலில் விழுந்தாள் என்று கதை விடவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தப்பு செய்தவரே ஒத்துக்கொண்ட பிறகு உங்களுக்கு என்ன வந்தது? அவருக்காக இவ்வளவு உருகுகிற மனசு, அவளுக்காக ஏன் ஒரு சொட்டும் உருகவில்லை?

அவர் மேல் வழக்குப் போடுவார்கள். போடட்டும். எனக்குப் பாவமாகவே இல்லை.

தினேஸ்வரி


ஆயர் தாவார்
2 ஜூன் 2025

அன்பு நாத்தனார் தினேஸ்வரிக்கு,

ராக்காயி அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் எனக்குப் பயமில்லை. இத்தனை நாள் பயந்தது போதும்.

அப்பாவு ஊசி போடவில்லை தினா. அவரால் போட முடியாது. கை நடுங்கித் தேத்தண்ணீர்க் கோப்பையையே இரண்டு கையால் பிடிக்கிறவர். சில வருஷமாகவே இங்கே யாருக்காவது ஊசி என்றால், அவர் மருந்தை எடுத்துக் கொடுப்பார், போடுவது உன் அண்ணன்தான். மாட்டுக்கெல்லாம் இவர்தானே போடுகிறார், கை பழகிய கை என்று லயத்து ஆட்களே இவரைக் கூப்பிடுவார்கள். உன்னிடம் மட்டும் யாரும் சொல்லமாட்டோம். நீ மிஸ்ஸி, கேட்டால் குதிப்பாய் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை அனலாகக் கொதித்தாள். உனக்குப் போன் பண்ணலாம் என்றேன். "அவகிட்ட சொன்னா பனடோலுன்னுதான் சொல்லுவா, நீ சும்மா இரு" என்றார். அப்பாவுவைக் கூட்டி வந்தார். பிள்ளையை என் மடியில் குப்புறப் போட்டுக் காலைப் பிடித்தது நான். ஊசியைப் போட்டது உன் அண்ணன். பிள்ளை ஒரு கத்து கத்தினாள் பார், அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மறுநாள் இறக்கிவிட்டால் கால் மடங்குகிறது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

போலீஸ் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். யார் போட்டது என்று கேட்டார்கள். உன் அண்ணன் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவுதான், "நான்தான் ஐயா" என்றார். காலையில் கூட்டிப் போனவரைப் பொழுது சாயத்தான் கொண்டுவந்து விட்டார்கள். நான் சோறு கொண்டுபோனேன். "எனக்கென்ன ராக்காயி, உள்ள இருந்தாலும் ஒண்ணு வெளிய இருந்தாலும் ஒண்ணு. அவன் குடும்பக்காரன்" என்றார். சோற்றைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தால் உன் அண்ணன் தட்டை நீட்டி இரண்டாம் தடவை சோறு கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சட்டியோடு தலையில் கவிழ்த்திருப்பேன்.

நீ என்னை ஏசு. பிடித்திருந்த கை என் கை. ஆனால் அந்தக் கிழவனை விட்டுவிடு.

ராக்காயி


ஈப்போ
5 ஜூன் 2025

கார்த்திகேசு அண்ணனுக்கு,

அண்ணி எழுதிவிட்டார். அவர் மேல் கை நீட்டினால் நான் அங்கே வந்து நிற்பேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாட்டுக்குப் போடுகிற ஊசியா?

ஆமாம், இல்லை என்று எழுது. மழையைப் பற்றி எழுதாதே.

தினேஸ்வரி


ஆயர் தாவார்
20 ஜூலை 2025

தினாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து என்னை நீ என்று சொன்னதில்லை, இப்போது எழுதியிருக்கிறாய். எழுது. நான் கோபப்படவில்லை.

இல்லை. மாட்டு ஊசி இல்லை. அப்பாவுவின் பெட்டியிலிருந்த புது ஊசி, உறை பிரிக்காதது. சத்தியமாகச் சொல்கிறேன். அவ்வளவு கேடுகெட்டவன் இல்லை உன் அண்ணன்.

ஆனால் மாட்டுக்குப் போடுகிற மாதிரிதான் போட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அப்பாவு, "தொடையில போடுப்பா" என்றார். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், குச்சியாக இருந்தது. அங்கே போட்டால் எலும்பில் இடிக்கும், பிள்ளைக்கு வலிக்கும் என்று நினைத்தேன். பின்பக்கம்தான் கொஞ்சம் சதையாக இருந்தது. மாடு உதைக்காமல் இருக்க முதலில் கையால் இரண்டு தட்டு தட்டுவோம், மரத்த மாதிரி ஆகும், அப்புறம் சட்டென்று குத்துவோம். அவளுக்கும் தட்டினேன். தட்டினதும் சிரித்தாள், தினா. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் குத்திவிட்டேன்.

அதற்கப்புறம் எந்த மாட்டுக்கும் நான் ஊசி போடவில்லை. மடி வீங்கிய மாட்டுக்குக்கூட டவுனிலிருந்து ஆள் கூப்பிடுகிறேன்.

இப்போது உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அப்பாவு ஏற்றுக்கொண்டுவிட்டார். வயசானவர் என்று பார்த்து ஜெயிலில் போடமாட்டார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அவரே, "விட்டுரு, நான் பாத்துக்கிறேன்" என்கிறார். நான் உள்ளே போனால் உன் அண்ணியின் கதி என்ன? எஸ்டேட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? கூடப் பிறந்தவனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தாள் என்று உன்னைத்தான் பேசுவார்கள். அப்படியே விட்டுவிடு தினா. பிள்ளைக்கு என்ன வைத்தியம் வேண்டுமானாலும் நான் கூட நின்று செய்கிறேன்.

உன் அண்ணன்


ஈப்போ
27 ஜூலை 2025

அண்ணனுக்கு,

அவள் சிரித்ததை எழுதினாயே, அதை நான் படிக்காமலே இருந்திருக்கலாம். கிளினிக்கில் ஒவ்வொரு பிள்ளையைப் பார்க்கும்போதும் அந்தச் சிரிப்புதான் வருகிறது. வேலை செய்ய முடியாமல் மருந்தறைக்குள் போய் நின்றேன். என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். சுவரை ஓங்கிக் குத்திவிட்டுக் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தெரியாமல் செய்தாய். அவளுக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தாய். அதை நான் நம்புகிறேன். நம்புவதால் கோபம் குறையும் என்று எதிர்பார்க்காதே. என்னிடம் கேட்காதது தெரியாமல் செய்ததா? சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்க்கவைத்தது தெரியாமல் செய்ததா? முதல் நாளே நிஜத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். இப்போது கை நடுங்குகிற கிழவனை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய். இதையும் தெரியாமலா செய்கிறாய்?

அப்பாவு மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. மருந்து அவருடையது. விசாரணையில் அவரே சொன்னது, பெரியவர்களுக்குப் போடுகிற வலி மருந்து, சின்னப் பிள்ளைக்குப் போடவே கூடாதது. அதற்கு அவர் பதில் சொல்லட்டும். நீ குத்தியதற்கு அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

ஊர் என்னைப் பேசும் என்கிறாய். பேசட்டும். நீ ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

வருகிற ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலையில் நானும் ஷர்மினியும் ஆயர் தாவார் பாலாய் வாசலுக்கு வருவோம். நீ வர வேண்டும். வாசலில் படி இருக்கிறது, கட்டையோடு அவளால் ஏற முடியாது. நீ அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், இந்தக் காலுக்கு ஊசி போட்டது நான் என்று சொல். வராவிட்டால் நான் உள்ளே போய்ச் சொல்வேன். அதற்குப் பிறகு எனக்கு அண்ணன் இல்லை.

அண்ணியின் முட்டிக்கு மாத்திரை வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும்.

தினேஸ்வரி


ஆயர் தாவார்
2 ஆகஸ்ட் 2025

தினா,

வாரேன்.

கார்த்திகேசு


ஈப்போ
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தினேஸ்வரி எழுதுவது. நாங்கள் ஓரளவு சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் எப்படி இருக்கிறது? விசாரணைக்கு மறுபடி கூப்பிட்டார்கள் என்று அண்ணி சொன்னார். போங்கள். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். உங்களுக்காகப் பேசச் சொல்லி அவரிடம் நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவு அன்றைக்குத் தானாகவே வந்து நின்றாரே, "மருந்து என்னுது ஐயா, பொய் சொன்னதும் நான்தான்" என்று. பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். நன்றாக ஏச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள், நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டேன்.

மின்சாரம் வைத்துக் காலைச் சோதித்தார்கள். நரம்பு கொஞ்சம் உயிர் பிடித்திருக்கிறது. பெருவிரல் அசைகிறது. முழுசாக வருமா என்று கேட்டால் டாக்டர் பார்ப்போம் என்கிறார். கட்டையை இன்னும் நீண்ட நாள் போட வேண்டும்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

பாலாய் வாசலில் உங்களைக் கண்டதும் ஷர்மினி என் கையை உதறிவிட்டு ஓடினாள். ஓடுவதாக அவளுக்கு நினைப்பு. கட்டைக் கால் தட்டுத் தட்டென்று இழுத்துக்கொண்டு போனது. உங்களால் அதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அவள் வந்து உங்கள் கைலியைப் பிடித்து, "மாமா, தூக்கு" என்றாள். தூக்கினீர்கள். உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நீங்கள் குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். எனக்கு அவளை அங்கேயே பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அண்ணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போய்ச் சொன்னீர்கள். தலையைக் குனியாமல் சொன்னீர்கள். வெளியே வந்தபோது உங்கள் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். பிள்ளை மன்னித்துவிட்டாள் என்ற நிம்மதி.

அவள் மன்னிக்கவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. ஊசி வலித்தது தெரியும், கால் இழுக்கிறது தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வயசு இன்னும் வரவில்லை. உங்களை அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். போலீஸ் எழுதிக்கொள்கிறதை எழுதிக்கொள்ளட்டும், கோர்ட்டில் என்ன சொல்கிறார்களோ சொல்லட்டும். எனக்கு அதெல்லாம் போதாது.

இன்னும் சில வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன். விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். மற்றப் பிள்ளைகள் ஓடுவதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். என் கால் ஏன் இப்படி என்று கேட்பாள். நான் பதில் சொல்லமாட்டேன். உங்களை வரச்சொல்வேன். காது குத்தியபோது உங்கள் மடியில்தான் அவளை உட்காரவைத்தோம். அதே மாதிரி உட்காரவைத்து, அவள் முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள்.

தங்கை,
தினேஸ்வரி